இடைவெளி யாருடையது?

பயணச்சீட்டைப் பணம் கட்டியதற்கான ரசீதாக மட்டும் கொள்வது வழக்கம். ஆனால் இன்ன இடத்தில் ஏறியவரை இன்ன இடம் வரை கொண்டுசேர்ப்பது தன் பொறுப்பு என்று ரயில் நிர்வாகம் எழுதிக்கொடுக்கும் உறுதிமொழியும் அதற்குள் இருக்கிறது. ஒரே நிர்வாகத்தின் ஒரே தடத்தில் செல்லும்வரை இந்த உறுதிமொழியில் சிக்கல் எழுவதில்லை. பெருநகர் ஒன்றில் வெவ்வேறு நிர்வாகங்களின் தடங்கள் தொட்டும் தொடாமலும் ஓடத் தொடங்கும்போதுதான், ஒரு நிலையத்தில் இறங்கி அடுத்த நிலையத்தில் ஏறுவதற்குள் பயணி நடக்கும் நூறு இருநூறு மீட்டர் யாருடைய பொறுப்பு என்ற கேள்வி பிறக்கிறது. கோலாலம்பூரையும் அதைச் சூழ்ந்த சிலாங்கூர் நகரங்களையும் உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் இக்கேள்விக்குக் கிடைத்துள்ள விடைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், போக்குவரத்து நிர்வாகத்தின் வரலாற்றோடு அங்கு வாழும் தமிழரின் வரலாறும் ஓரளவு விளங்கும்.

இந்தக் கேள்வி ரயிலின் பிறப்போடு ஒட்டியது. இங்கிலாந்தில் தனித்தனிக் கம்பெனிகள் தனித்தனிப் பாதைகளை அமைத்தபோது, ஒரு கம்பெனி விற்ற சீட்டை வைத்துக்கொண்டு இன்னொரு கம்பெனியின் தடத்தில் பயணி செல்ல முடியுமா, முடியுமானால் அந்தப் பணத்தை யார் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்ற சிக்கல் எழுந்தது. அதைத் தீர்க்கவே கம்பெனிகள் ஒன்றுகூடி 1842இல் 'ரயில்வே கிளியரிங் ஹவுஸ்' என்னும் பொதுக் கணக்கு அலுவலகத்தை நிறுவின. பயணியின் கையில் ஒரே சீட்டு இருக்க, பங்குக் கணக்கு எழுத்தர்களின் பேரேட்டில் நடந்தது. அந்த மரபின் எச்சத்தை இன்றும் லண்டனில் காணலாம். நகரின் வெவ்வேறு மூலைகளில் இருக்கும் முனையங்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சுரங்க ரயிலில் மாறிச்செல்லும் உரிமை சில வெளியூர்ச் சீட்டுகளுக்கு உண்டு. அதற்கு அடையாளமாக அச்சீட்டில் ஒரு சிறு சிலுவைக்குறி அச்சிடப்படுகிறது.

தமிழகத்துக்கு அந்தக் குறி வந்து சேரவில்லை. சென்னை சென்ட்ரல் நிலையம் 1873இல் மெட்ராஸ் ரயில்வேயின் அகலப் பாதைக்காகத் திறக்கப்பட்டது. எழும்பூர் 1908இல் தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் பாதைக்காகத் திறக்கப்பட்டது. இரண்டு கம்பெனிகள், இரண்டு தண்டவாள அகலங்கள், நடுவே இரண்டு கிலோமீட்டர் அளவிலான சாலை. தஞ்சாவூரிலிருந்து வந்து இறங்கி வடக்கே போக வேண்டியவர் மூட்டை முடிச்சுகளோடு ஜட்கா வண்டிக்காரரிடமும் பின்னாளில் ரிக்‌ஷாக்காரரிடமும் பேரம் பேசித்தான் அந்தச் சாலையைக் கடக்க வேண்டியிருந்தது. இடைவெளி எந்தக் கம்பெனிக்கும் உரியதாக இல்லாதபோது அது பேரத்துக்கு உரியதாகிவிடும் என்பதற்கு இது போதுமான சான்று.

சிலாங்கூரின் முதல் ரயில் பாதையே ஓர் இடைவெளியோடுதான் தொடங்கியது. ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லும் நோக்கில் கோலாலம்பூரிலிருந்து போடப்பட்ட பாதை 1886 செப்டம்பரில் கிள்ளானுக்குச் சற்று முன்னே உள்ள புக்கிட் கூடாவில் வந்து நின்றது. கிள்ளான் ஆறு குறுக்கே கிடந்ததால் அதற்கு மேல் தண்டவாளம் போகவில்லை. கன்னாட் பாலம் கட்டப்பட்டு 1890இல் கிள்ளான் நகருக்குள் ரயில் நுழைந்த பின்பு அந்த இடைவெளி அடைபட்டது. 1901இல் ஆற்றின் முகத்துவாரத்தில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறிய இத்துறைமுகத்தையும் கோலாலம்பூரையும் இணைக்கும் அந்தப் பழைய வழியிலேயே இன்றைய கொமுட்டர் ரயிலும் ஓடுகிறது. கொமுட்டர் என்பது மலாயா ரயில்வேயின் வாரிசான கேடிஎம் நிறுவனம் 1995இல் தொடங்கிய மின்சாரப் புறநகர் ரயில் சேவை.

இந்தப் பாதையின் கோலாலம்பூர் முனையில் பிரிக்பீல்ட்ஸ் இருக்கிறது. 1881இல் கோலாலம்பூரில் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அழித்த மர வீடுகளுக்கும் அத்தாப்பு எனப்படும் ஓலைக் கூரைகளுக்கும் பதிலாகச் செங்கல் கட்டடங்கள் எழ வேண்டும் என்று பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த பிராங்க் சுவெட்டன்ஹாம் வற்புறுத்தியதால் இப்பகுதியில் சூளைகள் பெருகின; ஊர்ப்பெயர் அவற்றிலிருந்து வந்தது. சூளைகளுக்குப் பின் ரயில்வே வந்தது. பெட்டிகளைப் பிரித்தும் கோத்தும் புதிய வண்டிகளை அமைக்கும் பெரிய யார்டும் பணிமனைகளும் ஊழியர் குடியிருப்புகளும் பிரிக்பீல்ட்ஸை ரயில்வே ஊராக்கின. தண்டவாளம் போட்டவர்களும் அதைப் பராமரித்தவர்களும் பெரும்பாலும் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள். நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத் தமிழர் பலர் பணியாற்றினர். சீட்டு கொடுக்கும் சன்னலின் உட்புறம் ஒரு தமிழரும் வெளிப்புறம் இன்னொரு தமிழரும் நின்ற அந்தக் காட்சியில், மொழி ஒன்றாக இருந்தும் இருவருக்கும் இடையிலிருந்த தொலைவு எந்தக் கட்டண அட்டவணையிலும் அடங்காதது.

வெளிப்புறத்தில் நின்றவர் அந்தச் சன்னலுக்கு வந்து சேர்ந்த வழி தனியே கவனிக்கத்தக்கது. தோட்டத் தொழிலாளர் வரவை ஒழுங்குபடுத்த 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்ற ஏற்பாடு மலாயாவில் உருவாக்கப்பட்டது. பின்னர் இது இந்தியர் குடியேற்ற நிதி எனப்பட்டது. இந்தியத் தொழிலாளர்களை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகளிடம் கட்டாய வரி வசூலித்து, அந்தப் பணத்தில் புதிய தொழிலாளர்களின் பயணச் செலவை ஈடுகட்டுவதே அதன் வேலை. திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களிலிருந்து கங்காணி, அதாவது தோட்டத்திலிருந்து ஆள் திரட்ட அனுப்பப்பட்டவர், கூட்டி வந்தவர்கள் நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ இருந்த முகாமுக்கு வந்து, கப்பலேறிக் கடல் கடந்து, பினாங்கிலோ சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலோ நோய்த்தொற்றுத் தடுப்புக்கான முகாமில் வைக்கப்பட்டு, பின்னர் அவரவர் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார்கள். சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கியவர்களுக்கு உள்நாட்டுக்குப் போகும் ரயில் கிள்ளான் வழியாகவே சென்றது.

நிர்வாகக் கண்ணோட்டத்தில் பார்த்தால் இது குறையற்ற இணைப்புப் பயணம். ஊரிலிருந்து முகாம், முகாமிலிருந்து கப்பல், கப்பலிலிருந்து மறுபடியும் முகாம், அங்கிருந்து தோட்டம் என எத்தனை முறை மாறினாலும் எந்தக் கட்டத்திலும் பயணி தன் மடியை அவிழ்க்க வேண்டியதில்லை; இடைவெளி ஒவ்வொன்றுக்கும் கணக்கில் ஒரு தலைப்பு இருந்தது. அந்தப் பயணத்தில் இல்லாதிருந்தது ஒன்றே ஒன்று. வழியில் இறங்கிக்கொள்ளும் உரிமை பயணிக்கு இல்லை. கிள்ளானில் ரயில் நின்றபோது சன்னலுக்கு வெளியே தெரிந்த கடைத்தெருவில் இறங்கி, தோட்டத்துக்குப் பதிலாக அங்கேயே பிழைப்புத் தேடலாம் என்று ஒருவர் நினைத்திருந்தாலும், அவருடைய பயணம் அதற்கு இடம் தரவில்லை. மலாயாத் தமிழர் பலருக்கு வாய்த்த முதல் இணைப்புச் சீட்டு இதுதான்: எல்லா இடைவெளிகளையும் உள்ளடக்கியது, எந்த இடைவெளியிலும் நிற்க விடாதது. அனுப்புபவரின் ஏற்பாட்டிலேயே கைமாறிக் கைமாறிப் போய், வழியில் தானாக எங்கும் நிற்க முடியாதது சரக்கு என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தச் சீட்டின் தன்மை விளங்கும்.

ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு அதே பள்ளத்தாக்கு இதற்கு நேர் எதிரான அனுபவத்தைக் கண்டது. 1990களில் நகர ரயில் சேவைகள் தனித்தனி நிறுவனங்களிடம் உரிமமாக ஒப்படைக்கப்பட்டன. ஸ்டார் என்னும் நிறுவனத்தின் இலகு ரயில், அதாவது எல்ஆர்டி, 1996 டிசம்பரில் அம்பாங்கிலிருந்து ஓடத் தொடங்கியது. புத்ரா என்னும் மற்றொரு நிறுவனத்தின் ஓட்டுநரில்லா ரயில் 1998இல் கிளானா ஜெயாவிலிருந்து தொடங்கியது. இரண்டு தடங்களும் நகரின் மையத்தில், கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்துக்கு அருகே, மஸ்ஜித் ஜாமேக்கில் சந்தித்தன. சந்தித்தனவே ஒழியச் சேரவில்லை. ஒன்று தூண்களின் மேலும் மற்றொன்று நிலத்தடியிலும் ஓட, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டியவர் வாயிலைக் கடந்து வெளியே வந்து புதிதாக ஒரு சீட்டு வாங்கி மறுபடியும் உள்ளே போக வேண்டியிருந்தது. ஆறுகள் பக்கத்திலேயே ஒன்றாகிக் கொண்டிருந்தன, சீட்டுகள் ஒன்றாகவில்லை.

இப்படி வெளியேறி மறுபடியும் நுழைவதால் பயணிக்கு ஏற்படும் இழப்பு நடையோடு நின்றுவிடுவதில்லை. தொலைவை ஒட்டிக் கட்டணம் வாங்கும் முறைகளில் பொதுவாக இரண்டு கூறுகள் உண்டு. வாயிலைத் தாண்டியதற்கே வாங்கப்படும் தொடக்கக் கட்டணம் ஒன்று. போகும் தொலைவுக்கு ஏற்ப வாங்கப்படும் கட்டணம் மற்றொன்று. இரண்டாவது கூறு பெரும்பாலும் தேய்மான முறையில் அமையும். அதாவது தொலைவு கூடக் கூட ஒவ்வொரு கூடுதல் கிலோமீட்டருக்கும் ஆகும் விலை குறைந்துகொண்டே போகும். இருபது கிலோமீட்டர் பயணத்தை நடுவில் வெட்டிப் பத்துப் பத்தாக்கினால், தொடக்கக் கட்டணம் இரண்டு முறை விழும். நீண்ட தொலைவுக்கான சலுகையும் கைநழுவும். இந்த வெட்டு விழும் இடத்தைப் பயணி தீர்மானிப்பதில்லை. இரண்டு நிறுவனங்களின் எல்லை எங்கே இருக்கிறதோ அங்கே அது விழுகிறது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவருக்கு அது ஒரே பயணம். சீட்டுக்கு அது இரண்டு.

ஆசிய நிதி நெருக்கடியில் இரண்டு நிறுவனங்களும் கடனில் மூழ்கின. 2002இல் அரசுக்குச் சொந்தமான பிரசரானா நிறுவனம் அவற்றின் உடைமைகளை ஏற்றுக்கொண்டது. உரிமையாளர் ஒருவரான பின்பும் சுவர் உடனே விழவில்லை; மஸ்ஜித் ஜாமேக்கில் வாயிலைக் கடக்காமலேயே தடம் மாறும் வசதி 2011 நவம்பரில்தான் வந்தது. அடுத்த ஆண்டில் மோனோரயிலும் ஹங் துவா, தித்திவங்சா நிலையங்களில் இந்த ஏற்பாட்டில் சேர்ந்தது. உரிமை ஒன்றாவதும் சீட்டு ஒன்றாவதும் வேறு வேறு நிகழ்வுகள் என்பதையும், முன்னது கையெழுத்தில் முடிய, பின்னதற்குக் கருவிகளும் சுவர்களும் கணக்குகளும் மாற வேண்டியிருக்கிறது என்பதையும் இடைப்பட்ட அந்த ஒன்பது ஆண்டுகள் காட்டுகின்றன.

அந்தக் கருவிகளில் ஒன்று கையில் எடுத்துப் பார்க்கத்தக்கது. அட்டை வைத்திராத பயணிக்கு இயந்திரம் தருவது காகிதச் சீட்டன்று; நாணயம் போன்ற நீல நிற பிளாஸ்டிக் வில்லை. உள்ளே போகும்போது அதை வாயிலின் மேல் காட்ட வேண்டும். வெளியேறும்போது உண்டியலில் காசு போடுவதுபோல் துளைக்குள் இட வேண்டும். துளை வில்லையை விழுங்கிய கணமே நிர்வாகத்தின் உறுதிமொழி முடிந்துவிடும்; பயணி வந்த வழிக்கு அவரிடம் சாட்சி எதுவும் மிஞ்சாது. அட்டைச் சீட்டுக் காலத்தில் பரிசோதகர் ஓரத்தில் துளையிட்டுத் திருப்பிக் கொடுத்த சீட்டில், எங்கே ஏறினார், எங்கே போகிறார் என்ற இரண்டு ஊர்ப்பெயர்களும் கடைசி வரை இருக்கும். வில்லையில் பெயரே இல்லை. அதனால்தான் இடையில் ஒரு வாயில் வில்லையை விழுங்கிவிட்டால், அடுத்த வாயிலில் நிற்பவர் எங்கிருந்து வருகிறார் என்பது எவருக்கும் தெரியாத செய்தியாகிவிடுகிறது.

இடைவெளியின் வரலாற்றை முழுமையாகப் படிக்க ஏற்ற இடம் பிரிக்பீல்ட்ஸ்தான். பழைய யார்டின் 72 ஏக்கர் நிலத்தில் எழுந்த கேஎல் சென்ட்ரல் 2001 ஏப்ரலில் திறக்கப்பட்டது. எல்லாத் தடங்களும் கூடும் ஒரே நிலையம் என்று அது அறிமுகமானது. 2003 ஆகஸ்டு 31இல் மோனோரயில் ஓடத் தொடங்கியபோது, அதன் முனையம் நிலையத்தின் பெயரைத் தாங்கியிருந்தும் நிலையத்துக்குள் இல்லை. வெளியே துன் சம்பந்தன் சாலையின் மேல் தனியே நின்றது. மாறிச்செல்ல வேண்டியவர் தெருவுக்கு வந்தாக வேண்டியிருந்தது. மலேசிய இந்தியக் காங்கிரசின் தலைவராக இருந்து நாட்டின் விடுதலைப் பேச்சுகளில் பங்கேற்ற வீ. தி. சம்பந்தனின் பெயர் கொண்ட அந்தச் சாலை, பூக்கடைகளும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளும் துணிக்கடைகளும் நிறைந்த தமிழ்க் கடைத்தெரு. இரண்டு ரயில்களுக்கு நடுவிலான நடை வெயிலும் மழையும் மல்லிகை மணமும் கலந்ததாக இருந்தது. 2014இல் நூ சென்ட்ரல் என்னும் வணிக வளாகம் இரண்டுக்கும் நடுவே திறக்கப்பட்ட பின், அந்த நடை குளிரூட்டப்பட்ட கூடத்துக்குள் போய்விட்டது. பயணிக்கு இது வசதி என்பதில் ஐயமில்லை. ஆனால் பதினோரு ஆண்டு யாருக்கும் உரியதாக இல்லாமல் தெருவுக்கு உரியதாக இருந்த இடைவெளி, இப்போது கடைகளின் வரிசைக்கு உரியதாகிவிட்டது. காசு கேட்கும் வாயில்கள் அப்போதும் இரண்டு, இப்போதும் இரண்டு.

இதே நிலையத்தின் மறுபுறத்தில் இன்னொரு நடைபாதை இருக்கிறது. எம்ஆர்டி எனப்படும் பெருந்திறன் ரயிலின் முசியும் நெகாரா நிலையத்திலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு ஏறத்தாழ 240 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை கட்டண வாயில்களுக்கு வெளியே செல்கிறது. ஒரு நிலையம் தள்ளி, பசார் செனியிலோ, எம்ஆர்டியும் எல்ஆர்டியும் வாயிலுக்கு உள்ளேயே இணைகின்றன. ஆகவே விவரம் அறிந்தவர் பெயர் பெற்ற சந்திப்பில் மாறாமல், அடுத்த நிலையம் வரை போய் மாறுவதுண்டு. வரைபடத்தில் பெரிய வட்டமாகத் தெரியும் இடமும் சீட்டின் கணக்கில் உண்மையான சந்திப்பாக இருக்கும் இடமும் வேறு வேறு என்பதை அவர் பட்டறிந்திருக்கிறார். நகரத்துக்கு இப்படி இரண்டு வரைபடங்கள் உண்டு. ஒன்று சுவரில் ஒட்டப்பட்டிருப்பது. மற்றொன்று வாயில்களுக்குள் எழுதப்பட்டிருப்பது.

எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை போதுமே என்ற வாதம் இங்கே எழலாம். 1997இல் நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளில் அறிமுகமாகிப் பின்னர் ரயில்களுக்கும் பேருந்துகளுக்கும் பரவிய டச் என் கோ அட்டையைக் கொமுட்டரிலும் எல்ஆர்டியிலும் மோனோரயிலிலும் காட்டலாம். ஆனால் அது பணப்பை, சீட்டன்று. கிள்ளானில் கொமுட்டர் ஏறியவர் கேஎல் சென்ட்ரலில் இறங்கி வாயிலில் அட்டையைக் காட்டும்போது ஒரு கணக்கு முடிகிறது. கூடத்தைக் கடந்து எல்ஆர்டி வாயிலில் அதே அட்டையைக் காட்டும்போது, பத்து நிமிடத்துக்கு முன் நடந்ததை அறியாத இன்னொரு கணக்கு தொடங்குகிறது. பணப்பை ஒன்றாவதால் சில்லறை தேடும் தொல்லை தீர்ந்தது, பயணம் ஒன்றாகிவிடவில்லை. மலேசியக் குடிமக்களுக்கு மாதம் 50 ரிங்கிட்டில் பிரசரானாவின் ரேபிட் கேஎல் ரயில்களிலும் பேருந்துகளிலும் கணக்கின்றிச் செல்ல வழி செய்த 'மை50' என்னும் மாதச் சலுகைச் சீட்டு இதற்கு வேறொரு வழியில் விடை சொன்னது. அது இடைவெளியை அளப்பதையே கைவிட்டது. அளக்காதபோது வெட்டும் இல்லை.

அண்டை நாடான சிங்கப்பூர் 2010இல் மற்றொரு வழியைத் தேர்ந்தது. பேருந்திலிருந்து ரயிலுக்கும் ரயிலிலிருந்து பேருந்துக்கும் குறித்த நேர வரம்புக்குள் மாறினால், வண்டிகள் எத்தனையானாலும் மொத்தத் தொலைவுக்கு மட்டுமே கட்டணம் என்பது அதன் விதி. பயணியை வாயிலுக்கு வெளியே விட்ட பின்பும் அவர் இன்னும் பயணத்தில்தான் இருக்கிறார் என்று கருவி நினைவில் வைத்துக்கொள்கிறது. அந்த நினைவுக்கு ஓர் ஒழுக்கப் பொருளும் உண்டு. தெருவில் நடக்கும் மனிதரையும் பயணியாக ஏற்றுக்கொள்வது அது.

பள்ளத்தாக்கிலும் அந்த ஏற்பு, வாயிலுக்கு உள்ளே இருக்கும்வரையாவது, கிடைக்கும் ஒரு பயணம் இருக்கிறது. போர்ட் கிள்ளானிலோ கிள்ளானிலோ ஏறி, முருகன் கோயில் உள்ள பத்துமலைக்குச் செல்பவர் இன்றைய தட அமைப்பில் நகர் நடுவே வண்டி மாற வேண்டும். கேஎல் சென்ட்ரலில் இறங்கி அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும் அவரிடம் எவரும் மறுபடி காசு கேட்பதில்லை. இரண்டு தடங்களும் கொமுட்டருடையவை என்பதால் கிள்ளானில் தொடங்கிய கணக்கு பத்துமலையில்தான் முடிகிறது. 2010இல் பத்துமலை வரை மின் ரயில் நீண்ட பின், தைப்பூசத்தன்று பால்குடம் சுமப்பவரும் அவருடன் வரும் குடும்பமும் செல்லும் இந்தப் பயணத்தின் முதல் பாதி, அவர்களின் முன்னோர் துறைமுகத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்ட அதே பாதை. அன்று இறங்கக் கூடாத நிலையங்களில் இன்று இறங்கலாம். கிள்ளானின் தெங்கு கிளானா சாலையில் பூ வாங்கலாம், பிரிக்பீல்ட்ஸில் சாப்பிடலாம். இறங்கினால் கணக்கு முறியும். இறங்காவிட்டால் கணக்கு தொடரும். முன்னோருக்கு இணைப்பு இருந்தது, இறங்கும் உரிமை இல்லை. வழித்தோன்றல்களுக்கு இறங்கும் உரிமை இருக்கிறது, அதற்கு ஒவ்வொரு வாயிலிலும் விலை இருக்கிறது. இரண்டும் சேர்ந்த சீட்டு, அதாவது வழியில் நின்று போகிறவரையும் ஒரே பயணியாகக் கருதும் சீட்டு, இந்தப் பாதையின் நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் இனிமேல்தான் அச்சாக வேண்டும்.

அந்தச் சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான மாதிரி பிரிக்பீல்ட்ஸின் நடைபாதையிலேயே கிடக்கிறது. மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் இங்கே இருப்பதால் பார்வையற்றோர் பலர் இப்பகுதியில் வாழ்கிறார்கள், தொழில் செய்கிறார்கள். அவர்களுக்காகத் தெருவோரங்களில் புடைப்புள்ள மஞ்சள் ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. நீளக் கோடுகள் கொண்ட ஓடு காலுக்கும் கோலுக்கும் 'தொடர்ந்து போ' என்று சொல்கிறது. வட்டப் புள்ளிகள் கொண்ட ஓடு 'இங்கே நின்று தீர்மானி' என்று சொல்கிறது. புள்ளி ஓட்டில் நிற்பவர் திரும்பலாம், கடக்கலாம், சற்று இளைப்பாறலாம். எது செய்தாலும் கோடு மறுபடி அங்கிருந்தே தொடங்குமேயன்றி அவரைப் புதிதாக வந்தவராக நடத்துவதில்லை. நிலைய வாயிலை நெருங்கும் இடத்திலும் புள்ளி ஓடுதான் இருக்கிறது. கோல் அதைத் தட்டி நிற்கிறது. அடுத்து, அட்டை எடுக்கப்படுகிறது.